கோத்தகிரி பக்கம் வீடு கட்டக் கொடுக்கப் போகிறீர்களா? ‘ரூஃப் முடிந்தது’ என்பதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்

கோத்தகிரி பக்கம் அப்பா அம்மாவுக்காக ஒரு வீடு கட்ட 30 லட்சத்துக்குக் கான்ட்ராக்ட் விட்டோம். ரூஃப் காங்கிரீட் போட்ட கையோடு, அதுவரை 21 லட்சம் வாங்கியிருந்த கான்ட்ராக்டர் சைட் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். போன் செய்தால் “மழை விடட்டும் சார்” என்பார். மழை விட்டு உறைபனியும் வந்துவிட்டது, ஆள் வரவில்லை.

வெளி இன்ஜினியர் ஒருவரை வைத்து அளந்தோம். நிற்கிற வேலையின் மதிப்பு 13.5 லட்சம்தான். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 64 பைசா வேலை.

சூது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அட்வான்ஸ் 20 சதவீதம், பேஸ்மென்ட் 20, ரூஃப் 30. ஆக, ரூஃப் போட்டதுமே 70 சதவீதம் அவர் கைக்குப் போய்விடும். பூச்சு, தரை, வயரிங், பிளம்பிங், கதவு ஜன்னல், பெயின்ட் எல்லாம் மீதி 30-க்குள் அடங்காது என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். லாபத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டவர் நஷ்டத்துக்கு வேலை செய்யத் திரும்பி வருவாரா?

தடுப்புச் சுவர் கதை தனி. சரிவில் அது இல்லாமல் வீடே நிற்காது. ஆனால் சதுர அடி ரேட்டில் சேராது என்று தனி பில் போட்டார். பில்லோடு மேட்டுப்பாளையம் எடைமேடைச் சீட்டுகளை இணைத்திருந்தார். அவற்றில் இரண்டு சீட்டுகளுக்கு ஒரே வரிசை எண், ஒரே எடை. ஒன்றில் தேதியை மட்டும் பேனாவால் திருத்தியிருக்கிறார்கள். ஒரு லோடு ஜல்லிக்கு இரண்டு முறை பணம்.

எனக்கு இன்றுவரை ஆறாதது கம்பி விஷயம். ஒப்பந்தத்தில் தூணுக்கு 16 எம்.எம். கம்பி என்று எழுதியிருக்கிறது. ரூஃபுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் இன்ஜினியர் தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்தார்: 12. பதினாறு எம்.எம். மீட்டருக்கு 1.58 கிலோ, பன்னிரண்டு 0.89 கிலோ. கிட்டத்தட்டப் பாதி இரும்பைக் காணோம். மண் சரிகிற மலையில், வயதானவர்கள் தூங்கப் போகிற வீட்டில் இப்படிச் செய்ய எப்படி மனசு வந்தது?

அரசு வேலைகளில் எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் நீள, அகல, உயரம் அளந்து எழுதிய பிறகுதான் பில் பாஸ் ஆகும். பில் தொகையில் ஒரு பகுதியைக் கடைசிவரை பிடித்தும் வைப்பார்கள். வீட்டு வேலைக்கும் இதையே கேளுங்கள். கட்டத்தின் பெயருக்குப் பணம் வேண்டாம், அளந்த வேலைக்குக் கொடுங்கள். முக்கியமாக, அஸ்திவாரத்தை மண் மூடுவதற்கு முன்பே, கம்பியைக் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே அளந்து, போட்டோ எடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். தடுப்புச் சுவரின் அளவும் ரேட்டும் ஒப்பந்தத்துக்குள்ளேயே வரட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டப்படி சேவைதான். 50 லட்சம் வரையான ஒப்பந்தத்துக்கு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் மனு ஊட்டியில் இருக்கிறது. அந்த கான்ட்ராக்டர் குன்னூர் பக்கம் புது வேலை பிடித்திருப்பதாகக் கேள்வி. அங்கே யாராவது 20, 20, 30 என்று ஒரு ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தால், தயவுசெய்து கையெழுத்துப் போடாமல் முதலில் ஒரு இன்ஜினியரிடம் காட்டுங்கள்.