மலை இல்லாத கரையில் மவுண்டன் பைக்: மூன்று வகை முழங்கால் காப்புகள்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மலை என்ற பெயரைத் தாங்கி நிற்பது இராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதம் ஒன்றுதான். அதுவும் தீவிலேயே உயரமான மேடு என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட சீமையில் மவுண்டன் பைக்குக்கு என்ன வேலை, அதை ஓட்டுவதற்கு முழங்கால் காப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை தரையிலேயே கிடக்கிறது. மண்டபத்தையும் உச்சிப்புளியையும் சுற்றியுள்ள பனங்காட்டு மணல்தடங்கள், தேவிபட்டினத்துக்கு வடக்கே கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய்க் கரைகள், வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களை ஒட்டிய சரளைப் பாதைகள் ஆகியவற்றில் மெல்லிய டயர் கொண்ட சாதாரண மிதிவண்டியை ஓட்டுவதை விட உருட்டிச் செல்வதே மிகுதியாக இருக்கும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறக்கப்பட்ட தார்ச்சாலையில்கூட, காற்று அடிக்கும் நாட்களில் மணல் ஏறி வந்து படிந்து, திருப்பத்தில் சக்கரத்தை வழுக்கிவிடுகிறது.

விழுகிற முறையும் இங்கே வேறு. மலைச்சரிவில் விழுபவர் வேகத்தோடு விழுந்து கல்லிலும் வேரிலும் மோதுகிறார். நம் கரையிலோ முன்சக்கரம் பொதிமணலில் புதைந்து சட்டென நிற்க, உடல் மட்டும் முன்னே போய், முழங்கால் முதலில் ஹேண்டில்பாரிலும் பிறகு தரையிலும் இடிக்கிறது. வேகம் குறைவு என்பதால் எலும்பு முறிவது அரிது. ஆனால் அந்த மணலில் கிளிஞ்சலும் பவளக் கல்லின் துணுக்குகளும் கலந்திருக்கும். பனையடியில் விழுந்தால் கருக்குமட்டையின் பல் காத்திருக்கும். கண்மாய்க் கரையில் விழுந்தால் சீமைக் கருவேலமுள் தப்பாது. முழங்கால் சில்லின் மேல் தோலுக்கு அடியில் சதை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாததால், மேலோட்டமான கீறல்கூட நாட்கணக்கில் ஆறாமல் மடக்க விடாது. ஆகவே நமக்குத் தேவைப்படும் காப்பு, பெரிய அடியைத் தாங்குவதோடு உராய்வையும் முள்ளையும் தடுக்க வேண்டும். அதற்கும் முன்பாக, இந்த வெயிலிலும் கழற்றத் தோன்றாததாக இருக்க வேண்டும். கசகசப்பு தாளாமல் கழற்றி ஹேண்டிலில் தொங்கவிடப்படுகிற காப்பு எவ்வளவு உயர்ந்த சான்று பெற்றிருந்தாலும் முழங்காலுக்கு உதவாது. நான் பயன்படுத்திப் பார்த்த மூன்று வகைகளையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன். குறிப்பிட்ட மாடல்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அவை அடிக்கடி மாறுகின்றன, வகைகளின் குணம் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை.

எந்த வகையை வாங்கினாலும் உள்ளே தைத்திருக்கும் சீட்டையோ, பட்டையில் அச்சிட்டிருக்கும் குறியையோ முதலில் படித்துவிட வேண்டும். மவுண்டன் பைக்குக்கான காப்புகளில் சான்று பெற்றவை பலவும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்காக ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட இ.என். 1621-1 என்ற தரத்தின்படி சோதிக்கப்பட்டவை. அச்சோதனையில் 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு, அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமாக, காப்பின் மேல் மோதவிட்டு, மறுபக்கம் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளக்கிறார்கள். கடந்து வருவது சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் அது முதல் நிலை. 20 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் இரண்டாம் நிலை. 35 கிலோநியூட்டன் என்பது ஒரு கணம் மட்டுமே அழுத்தும் மூன்றரை டன் எடை என்று எண்ணிப் பார்த்தால், இரு நிலைகளுக்கும் உள்ள இடைவெளி சிறியதன்று என்பது விளங்கும். ஐரோப்பியச் சந்தைக்கான சி.இ. முத்திரை மட்டும் இருந்து, தர எண்ணும் நிலையும் குறிக்கப்படாதிருந்தால், அந்த முத்திரையை வைத்துக் காப்பின் வலிமையை முடிவு செய்ய முடியாது.

அதே குறியில் டி பிளஸ் (T+) என்று சிலவற்றில் சேர்த்திருப்பார்கள். 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் அந்தக் காப்பு சோதனையைத் தாங்கியது என்பது அதன் பொருள். டி மைனஸ் (T-) என்பது உறைநிலைக்குக் கீழே 10 டிகிரிக்கான குறி. இவை இரண்டும் கட்டாயமில்லாத கூடுதல் சோதனைகள். குளிர்நாட்டார் டி மைனஸைத் தேடட்டும். நமக்கு டி பிளஸ்தான் முதன்மையானது என்பது என் கருத்து. மென்மையான பஞ்சுத் தகடுகள் வெப்பம் ஏற ஏற இளகிவிடும் இயல்புடையவை, இளகிய தகடு அடியைக் குறைவாகவே உள்வாங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த வண்டியில் தொங்கும் கறுப்புக் காப்பு 40 டிகிரியைக் கடப்பதற்கு நெடுநேரம் ஆகாது. எல்லோரும் ஏன் கறுப்பிலேயே செய்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத சங்கதி.

இனி வகைகள். நம் பக்கத்து விளையாட்டுப் பொருள் கடைகளில் நீகேப் என்று கேட்டால் எடுத்துத் தருவது, கைப்பந்தும் கபடியும் ஆடுபவர்களுக்கான எலாஸ்டிக் உறை. முன்புறம் ஒரு ஸ்பாஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள். விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கட்டாந்தரையில் முட்டி ஊன்றுவதற்கு அது போதும். மிதிவண்டிக்கு அது போதாது: ஸ்பாஞ்சு அடியில் முழுதாக அமுங்கிவிடுகிறது, துணி கருக்குமட்டையில் ஒரே இழுப்பில் கிழிகிறது, வியர்வை ஏறியதும் உறை கெண்டைக்கால் வரை இறங்கிவிடுகிறது. இதைப் பற்றி மேலும் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, கெட்டியான பிளாஸ்டிக் மூடியும் வெல்க்ரோ பட்டைகளும் கொண்ட வகை. மோட்டார் சைக்கிள் உபகரணக் கடைகளில் பார்ப்பதும் பெரும்பாலும் இதுவே. முள் எதுவும் இதன் மூடியைத் துளைக்காது; பவளக் கல்லின் மேல் விழுந்தாலும் மூடி வழுக்கிச் செல்வதால், உராய்வு முழங்காலைத் தரையில் பிடித்து முறுக்குவதில்லை. செங்குத்தான சரிவில் வேகமாக இறங்குபவர்கள் இதை நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் அவர்களில் பலர் மேலே ஏறும்போது இதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, இறங்கும் முன் மாட்டிக்கொள்கிறார்கள். நம் சமவெளியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. புறப்பட்டது முதல் வீடு திரும்பும் வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 70 முறை பெடல் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,200 முறை மடங்கி நீள்கிறது. ஒவ்வொரு மடக்கிலும் பிளாஸ்டிக் மூடியின் கீழ்விளிம்பு முன்னங்காலில் உரசினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இவ்வகையின் பட்டைகளிலும் இரு குறைகள் தெரிந்தன. வெல்க்ரோவின் கொக்கிகளுக்குள் மணலும் ஒட்டுப்புல்லும் நெருஞ்சியும் புகுந்துவிட்டால் பிடிப்பு தளர்ந்து, பழைய பல்துலக்கியால் துருவித் துருவி எடுக்க வேண்டியிருக்கிறது. தளர்கிறதே என்று கீழ்ப்பட்டையை இழுத்துக் கட்டினால் பாதம் மரத்துப்போகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு இறங்குவதே இதற்குக் காரணம். அவ்விடத்தில் பட்டை அழுத்தினால் பாதத்தின் மேற்புறம் வரை சுருசுருவென்று வரும். அப்போது பட்டையைத் தளர்த்துவது தவிர வேறு வழியில்லை. மூடியைப் பிடித்திருக்கும் இரும்பு ரிவெட்டுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வகையைத்தான் நான் இந்தக் கரைக்குப் பரிந்துரைக்கிறேன்: காலுறை போல இழுத்து மாட்டும் வலைத்துணி உறையும், அதன் முன்புறப் பையில் செருகிய மென்தகடும் கொண்ட வகை. ஃபாக்ஸ், லீட் முதலிய நிறுவனங்கள் இவ்வகைக் காப்புகளைச் செய்கின்றன. அந்தத் தகடு சாதாரண ஸ்பாஞ்சு அன்று. இங்கிலாந்தில் உருவான டி3ஓ (D3O), ஜெர்மனியின் சாஸ்டெக் போன்ற தகட்டுப் பொருள்களின் சிறப்பு, மெதுவாக அழுத்தினால் வளைந்து கொடுத்து, திடீரென மோதினால் அந்த நொடியில் மட்டும் இறுகிக்கொள்வது. அலை விளிம்பின் ஈரமணலில் விரலை மெல்லச் செருகினால் அது இறங்கும், உள்ளங்கையால் அறைந்தால் கட்டாந்தரையாக எதிர்க்கும். ஏறத்தாழ அத்தகைய நடத்தை இது. இதனால் மிதிக்கும்போது தகடு முழங்காலோடு சேர்ந்து மடங்குகிறது, விழும்போது தன் வேலையைச் செய்கிறது.

வசதியைப் பொறுத்தவரை, உறையின் பின்புறமே முடிவு செய்யும் இடம். முழங்காலின் பின்மடிப்பில் துணி இரட்டையாக இருந்தாலோ, தையல் குறுக்கே ஓடினாலோ, வியர்வையும் மணலும் அங்கே தங்கி, முதலில் வேர்க்குருவும் பிறகு புண்ணும் வரும். பின்புறம் திறந்தோ, மிக மெல்லிய வலையாகவோ இருக்கும் உறையில் இந்தத் தொல்லை குறைவு. நியோப்ரீன் என்ற ரப்பர் துணியால் ஆன உறைகளை இந்த ஊருக்கு நான் ஏற்கமாட்டேன். நீர்மூழ்குபவர்களின் உடம்பைச் சூடாக வைத்திருக்கப் பயன்படும் துணியை வெயிலில் மிதிப்பவர் சுற்றிக்கொள்வதில் நியாயம் இல்லை. மேல்விளிம்பில் வழுக்காமல் பிடிப்பதற்காகச் சிலிக்கோன் கோடுகள் ஒட்டியிருப்பார்கள். சுத்தமான காலில் அவை நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் அவற்றின் அடியில் மணல் புகுந்துவிட்டால் உப்புத்தாளால் தேய்த்த காயம் உண்டாகிறது. எனவே மணலில் இறங்கி நடந்தபின் மீண்டும் ஏறும் முன் விளிம்பை ஒருமுறை திருப்பித் துடைத்துவிடுவது நல்லது.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. கருவேலமுள் வலைத்துணியை எளிதாகத் துளைக்கும். தகடு இருக்கும் இடத்தில் தடுக்கப்படும், பக்கவாட்டில் தடுக்கப்படாது. ஆகவே தகட்டின் இருபுறமும் சிறு பஞ்சுத் துண்டுகள் வைத்துத் தைத்ததாகவும், முன்துணி கெவ்லார் போன்ற வலுவான இழை கலந்ததாகவும் பார்த்து எடுக்க வேண்டும். வண்டிக்குழாயில் முழங்காலின் உட்பக்கம் இடிக்கும்போதும் அந்தப் பக்கத்துண்டுகளே காக்கின்றன. இவ்வகையில் எடை குறைந்தவை பெரும்பாலும் முதல் நிலைச் சான்றையே பெற்றிருக்கும். மணலில் மெதுவாக விழுபவருக்கு அது போதும் என்றே நினைக்கிறேன். விலை சில ஆயிரங்கள் ஆகும் என்பது உண்மையான தடை. காற்சட்டைக்குள் அணிந்தால் வெளியே தெரியாது, அரைக்காற்சட்டையோடு போனால், உச்சிப்புளித் தேநீர்க்கடையில் “என்ன தம்பி, முட்டியில அடியா?” என்ற விசாரிப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வகையை எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் கண்டதில்லை. தபாலில் வரவழைக்க நேரும்போது அளவுதான் சிக்கல். முழங்கால் சில்லின் நடுவிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே தொடைச் சுற்றளவையும், எத்தனை சென்டிமீட்டர் கீழே கெண்டைக்கால் சுற்றளவையும் எடுக்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், அவரவர் அட்டவணையைப் பார்த்தே அளக்க வேண்டும். காலைச் சற்று மடக்கி, தசையை இறுக்கி அளப்பது சரியான முறை. தொடை ஓர் அளவையும் கெண்டைக்கால் வேறோர் அளவையும் காட்டினால் தொடையின் அளவைப் பின்பற்றுங்கள், ஏனெனில் காப்பு நழுவத் தொடங்குவது மேல்விளிம்பிலிருந்துதான். வந்து சேர்ந்ததும் சீட்டைக் கிழிக்காமல் மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கி, தகட்டின் நடுப்பகுதி முழங்கால் சில்லின் மேல் அமைகிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளங்கையால் காப்பைக் கீழ்நோக்கித் தள்ளிப் பாருங்கள். சிறிது நகரலாம், சில்லை விட்டு இறங்கக் கூடாது. மொட்டைமாடிக்கு நாலைந்து முறை ஏறி இறங்கியபின் பின்மடிப்பில் துணி சுருண்டு நின்றால், திருப்பி அனுப்புவதே நல்லது. பழகப் பழகச் சரியாகும் என்ற வாக்கு இந்தப் பொருளுக்குப் பொருந்துவதில்லை.

துவைப்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. தகட்டை உருவி எடுத்துவிட்டு, உறையை மிதமான சோப்பில் கையால் கசக்கி, முறுக்காமல் பிழிந்து நிழலில் உலர்த்த வேண்டும். நேர்வெயில் எலாஸ்டிக் இழையைத் தளர்த்திவிடும். ஆனால் இங்கே பல இடங்களில் கிணற்று நீர் உவராக இருப்பதால், அதில் மட்டும் அலசிய உறை உலர்ந்ததும் வெள்ளை பூத்து மொடமொடவென்றாகி, அடுத்த நாள் தோலை உரசுகிறது. கடைசி அலசலைக் காவிரிக் கூட்டுக் குடிநீரில் செய்தால் இந்தக் குறை நீங்கும். குடம் வைத்துப் பிடிக்கிற தண்ணீரில் கால்காப்பைக் கழுவுவதா என்று வீட்டில் முறைப்பார்கள். ஒரு செம்புக்கு மேல் செலவாகாது என்று சொல்லிப் பார்க்கலாம்.

பலமாக ஒருமுறை விழுந்தபின் தகட்டை வெளியே எடுத்து வளைத்துப் பார்த்து, வெடிப்போ நிரந்தரக் குழிவோ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். உறையை வைத்துக்கொண்டு தகட்டை மட்டும் தனியாக விற்கும் நிறுவனமா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்வது சிக்கனம். கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் வண்டியைக் கொண்டுபோய்ச் சரிவில் இறங்கும் எண்ணம் உள்ளவர்கள் மட்டும், அந்தப் பயணத்துக்கென இரண்டாம் நிலைச் சான்று பெற்ற தடித்த தகடோ பிளாஸ்டிக் மூடியோ கொண்ட காப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள நம் கரைக்கு மென்தகட்டு உறை போதும்.