பழைய பாகங்கள் கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்: திருகோணமலைக் கார் உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் தமது கார்களுக்குச் சைலன்சர் மாற்றவும், உயரம் குறைக்கவும், கியர் லீவர் மாற்றவும் எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது 2016 ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபோர்ட் மஸ்டாங், 2.3 லீற்றர் எக்கோபூஸ்ட் எஞ்சினும், கையால் மாற்றும் ஆறு கியர்களும் கொண்டது. இந்த மூன்று வேலைகளுக்குமாக எட்டரை இலட்சம் ரூபாய் வாங்கிய ஒரு வேலைத்தளம், சொன்ன புதிய பாகங்களில் ஒன்றைக்கூடப் பொருத்தாமல், வண்டியில் ஏற்கெனவே இருந்தவற்றையே வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசித் திருப்பித் தந்தது. போதாததற்கு, நான் கேட்காத ஒன்றையும் கழற்றி எடுத்துக்கொண்டது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அந்த இடத்தின் பெயரையோ அடையாளத்தையோ இங்கே தரவில்லை; கேட்டு எழுதவும் வேண்டாம்.

மஸ்டாங் போன்ற வண்டிக்கு உதிரிப்பாகம் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்று வேலை அந்தச் சிரமத்தில்தான் காலூன்றுகிறது. ஃபோர்ட் நிறுவனம் வலப்பக்க ஸ்டியரிங்குடன் இந்தக் காரைத் தொழிற்சாலையிலேயே தயாரிக்கத் தொடங்கியது 2015 இல்தான். நமது நாட்டிலோ 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே இத்தகைய வண்டிகள் தீவு முழுவதிலும் மிகச் சிலவே உள்ளன. அவற்றின் பாகங்களை அடுக்கி வைத்து விற்கும் கடை திருகோணமலையில் இருக்க நியாயமில்லை. “இங்கிலாந்திலிருந்து எடுப்பித்துத் தருகிறோம், பெட்டியைத் திறந்து நாங்களே பூட்டிவிடுவோம்” என்று ஒருவர் சொன்னால், அந்தப் பாகம் எப்படியிருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இன்னொரு வண்டி கிடையாது.

எனக்குத் தரப்பட்ட விலைப்பட்டியலில் மூன்று வரிகள் இருந்தன: ஜேர்மன் தயாரிப்பான உயரம் குறைக்கும் ஸ்பிரிங் நான்கு, கெட்டலிட்டிக் கொன்வேட்டருக்கு (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்) பின்னிருந்து வால்முனை வரை 304 தர துருப்பிடிக்காத எஃகாலான முழுப் புகைப்போக்கித் தொகுதி, அமெரிக்கத் தயாரிப்பான குறுந்தூரக் கியர் லீவர் தொகுதி. வண்டியைத் திருப்பித் தந்தபோது ஸ்பிரிங் சிவப்பாக மின்னியது, சத்தம் கனத்திருந்தது, கியர் குமிழ் உள்ளங்கைக்குக் கீழே இறங்கியிருந்தது. கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டார்கள் என்பதை இப்போது நினைத்தால், அந்த வேலைத்தளத்தாருக்கு ஆட்களின் மனம் நன்றாகத் தெரியும் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் வெளிப்பட்டது ஸ்பிரிங். கந்தளாய் வழியாக ஹபரணைக்குப் போகும் ஏ6 வீதியில் சிறிய பள்ளங்களில்கூட முன்பக்கம் இறப்பர்த் தாங்கியில் இடித்து நின்றது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது “டக்” என்ற ஓசை கேட்டது. சக்கரச் சீரமைப்புக்காக வேறோர் இடத்தில் வண்டியை உயர்த்தியபோது, அங்கிருந்த மெக்கானிக் விளக்கைப் பிடித்துக் காட்டினார்: ஸ்பிரிங்கின் கீழ்முனை கிரைண்டரால் நறுக்கப்பட்டு, வெட்டின் மேலேயே சிவப்பு வர்ணம் ஓடியிருந்தது. வர்ணத்தைச் சுரண்டியதும் தொழிற்சாலை இட்ட நிறக்கோடுகள் அடியில் தெரிந்தன. பெயர்பெற்ற நிறுவனங்களின் ஸ்பிரிங்கில் சுருளின் மேலேயே பெயரும் பாக இலக்கமும் அச்சிடப்பட்டிருக்கும். என்னுடையவற்றில் ஓர் எழுத்தும் இல்லை.

சுருளை வெட்டினாலும் உயரம் குறையத்தானே செய்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். குறையும். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. ஆறு சுருளில் ஒன்றை எடுத்தால் விறைப்பு ஐந்திலொரு பங்கு கூடுகிறது. ஷொக் அப்சோபர் பழைய விறைப்புக்கு ஏற்ப அமைந்ததாகையால், வண்டி குதித்தபின் அடங்க நேரமெடுக்கிறது. அதைவிட ஆபத்தானது முனை. அடித்தட்டில் படிபோல அமைந்த இடத்தில் சரியாக உட்காரும்படி வடிவமைக்கப்பட்ட முனையை நறுக்கிவிட்டால், சக்கரம் முழுவதுமாகத் தொங்கும் வேளையில் ஸ்பிரிங் இடம்பெயரலாம். எனக்குக் கேட்ட “டக்” ஓசை அதுதான். ஹபரணைக் காட்டுப் பகுதியில் யானை குறுக்கே வந்து சட்டென்று பிரேக் பிடிக்க நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க நான் விரும்பவில்லை.

அதே உயர்த்தியில் புகைப்போக்கியையும் பார்த்தோம். 304 தர எஃகில் காந்தம் ஏறக்குறைய ஒட்டாது. வளைத்த இடங்களிலும் வெல்டிங் ஓரங்களிலும் மட்டும் மெல்லிய இழுப்பு இருக்கலாம். என் வண்டியின் குழாயில் காந்தம் வால்முனை வரை பிடித்துக்கொண்டு நின்றது. நடுவிலிருந்த சைலன்சரை அறுத்தெடுத்து, அந்த இடைவெளியில் சாதாரண இரும்புக் குழாயை ஒட்டியிருந்தார்கள். வாலில் பளபளப்பான நுனி இரண்டைச் செருகியிருந்தார்கள். வடகீழ்ப் பருவமழையும் உள்துறைமுகப் பக்கத்துக் கடற்காற்றும் சேர்ந்து வெல்டிங் கோடுகளை அதற்குள் செந்நிறமாக்கிவிட்டன. “வி8 சத்தம் வரும்” என்று அவர்கள் உறுதியளித்ததையும் இங்கே சொல்லிவைக்கிறேன். எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினின் அந்தக் குமுறல், ஒவ்வொரு பக்கத்து நான்கு சிலிண்டர்களும் சீரற்ற இடைவெளியில் எரிவதால் பிறப்பது. சீராக எரியும் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு எந்தக் குழாயைப் பூட்டினாலும் அது வராது. வரும் என்று சொல்பவர் ஒன்றில் அறியாதவர், இல்லாவிட்டால் உங்களை அறியாதவராக எண்ணுபவர்.

கொன்வேட்டர் காணாமல் போனதைக் காட்டிக்கொடுத்தது வாகனப் புகைப் பரிசோதனை. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது நாமறிந்ததே. என் வண்டி அதில் சித்தியடைந்தது. அதனால் மேலும் பலர் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடும். ஆனால் அறிக்கையில் அச்சாகும் எண்களைக் கடந்த ஆண்டு அறிக்கையோடு வைத்துப் பார்த்தபோது, கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் வரம்புக்கு உட்பட்டிருந்தாலும் முன்னையதைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தன. கொன்வேட்டர் இருந்த இடத்தில் வெறுங்குழாய் இருந்தது. எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்தது: பின்னால் உள்ள ஒட்சிசன் உணரியைச் சிறு இடைத்துண்டு ஒன்றில் ஏற்றி, புகையோட்டத்திலிருந்து சற்று விலக்கி வைத்திருந்தார்கள். அப்போது உணரிக்குச் செல்லும் வாயுவின் மாற்றம் மந்தமாவதால், கொன்வேட்டர் வேலை செய்கிறது என்று கணினி நம்பிக்கொள்கிறது. கைதவறிச் செய்த பிழைக்கு இடைத்துண்டு போட மாட்டார்கள்.

கொன்வேட்டரின் உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூச்சாக உள்ளன. 2021 இல் ரோடியத்தின் விலை தங்கத்தினுடையதைப் போலப் பத்து மடங்கையும் தாண்டியது. அதன்பின் பெரிதும் இறங்கியிருந்தாலும், கழற்றிய கொன்வேட்டருக்கு வாங்குபவர் எப்போதும் உண்டு. என்னிடம் வாங்கிய கூலிக்கு மேலாக அவர்களுக்குக் கிடைத்த இரண்டாவது வருமானம் இது.

கியர் லீவரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முறையான குறுந்தூர லீவரில் சுழலும் புள்ளிக்கு மேலும் கீழுமுள்ள நீளங்களின் விகிதம் மாற்றப்பட்டிருக்கும். குமிழின் உயரம் பெரும்பாலும் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும். மேல் தண்டை மட்டும் அறுத்துக் குட்டையாக்கினாலும் தூரம் குறையும், ஆனால் அதே விகிதத்தில் கையின் பலம் கூடுதலாக வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் இரண்டாம் கியர் ஏன் அவ்வளவு முரண்டு பிடித்தது என்பது தோலுறையை உயர்த்தி வெல்டிங் தழும்பைக் கண்டதும் விளங்கியது. இதற்கு உயர்த்தியும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை. தோலுறையை விரலால் மேலே இழுத்தாலே தெரியும்.

படங்களுடன் வேலைத்தளத்துக்குச் சென்று நான் கேட்டது ஒரே கேள்விதான்: புதியவற்றைப் பூட்டியிருந்தால், கழற்றிய பழையவை எங்கே? “அண்ணா, அதெல்லாம் அப்பவே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டம்” என்றார் பொறுப்பாளர். சரி, புதியவை வந்த பெட்டிகள்? எரித்துவிட்டார்களாம். இறக்குமதிச் சுங்கப் பத்திரம்? கொழும்பில் இருக்கிறதாம். நான்கு ஸ்பிரிங்கையும் கொன்வேட்டரையும் உரிமையாளரைக் கேட்காமல் இரும்புக்குப் போடும் வேலைத்தளத்தை நான் இதற்குமுன் கண்டதில்லை. பழையவற்றை அவர்களால் காட்ட முடியாததற்குக் காரணம், அவற்றில் பெரும்பகுதி என் வண்டியிலேயே சிவப்பு வர்ணத்துடன் பூட்டப்பட்டிருந்ததுதான்.

ஆகவே இத்தகைய வேலைக்கு வண்டியைக் கொடுப்பவர்கள், கழற்றும் பாகங்கள் அனைத்தும் உரிமையாளருக்கே திருப்பித் தரப்படும் என்ற வரியை விலைப்பட்டியலிலேயே எழுதுவிக்க வேண்டும். எழுத மறுத்தால் அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். முற்பணத்தைத் தவிர மீதியை, பழைய பாகங்களும் புதியவற்றின் பெட்டிகளும் கையில் கிடைத்த பிறகே கொடுங்கள். வண்டியை விடுவதற்கு முன் அடிப்பகுதியைப் படமெடுத்து வையுங்கள், கொன்வேட்டரைக் கட்டாயம் சேர்த்து. ஸ்பிரிங் மாற்றியவர்கள், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைகளிலுள்ள இறப்பர்ப் புஷ்களின் போல்ட்டுகள் வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும் நிலையில் இறுக்கப்பட்டனவா என்றும் கேளுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுகி விரைவில் கிழியும். இந்தக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதிலைக் கொண்டே அவருடைய தொழிலறிவை ஓரளவு மதிப்பிட்டுவிடலாம்.

பற்றுச்சீட்டு மிக முக்கியம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம். என் பற்றுச்சீட்டில் “ஸ்பிரிங் நான்கு, புதியது” என்று அவர்கள் கையாலேயே எழுதியிருந்ததுதான் முறைப்பாட்டை நிற்க வைத்தது. வாய்மொழியாக மட்டும் பேசி முடித்திருந்தால் என்னிடம் காட்ட எதுவும் இருந்திராது.

முறைப்பாடு பதிவான பிறகு, பாதிப் பணத்தைத் தருவதாகவும் விடயத்தை இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றும் இடையாள் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார்கள். கொன்வேட்டரையோ அதற்குச் சமமான புதியதொன்றையோ தராமல் எந்தத் தொகைக்கும் கையெழுத்திடுவதில்லை என்று பதில் அனுப்பியிருக்கிறேன். தொழிற்சாலைத் தரத்திலான ஸ்பிரிங்குகளை வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் வரவழைத்துப் பூட்டியாகிவிட்டது. வெட்டப்பட்ட பழையவை விசாரணைக்காக என்னிடம் பத்திரமாக உள்ளன. தன் வண்டியில் இருப்பது இத்தகையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்கள் தயங்காமல் எனக்கு எழுதலாம்.