டெக் ஷீட் கட்டடமா, ஆர்சிசியா? ரெண்டுலயும் தையல் யூனிட் ஓட்டுன அனுபவம்

திருப்பூர்ல எங்க யூனிட் ரெண்டு கட்டடத்துல ஓடுதுங்க. முன்னாடி இருக்கறது அப்பா காலத்து ஆர்சிசி, அதாவது கம்பி கட்டி காங்கிரீட் போட்டது. பின்னாடி இருக்கறது ஐ-பீம்ங்கற இரும்பு உத்தரம் மேல டெக் ஷீட்டை, அதாவது நெளிவு நெளிவா மடிச்ச இரும்புத் தகடை விரிச்சு காங்கிரீட் போட்டது, காம்போசிட்னு சொல்லுவாங்க. பின்னாடி கட்டடத்துக்குப் போயி சில வருஷம் ஆயிருச்சு.

இதுக்குப் போன காரணமே தூண் தொல்லைதான். பழசுல பவர் டேபிள் (தையல் மெஷின் மேசை) லைன் போட்டா நடுவுல ஒரு தூண் வந்து நிக்கும், டிராலி திரும்பாது. புதுசுல முப்பது அடிக்குத் தூணே இல்ல. ஆர்சிசிலயும் அந்த நீளத்துக்கு பீம் போடலாம், ஆனா பீமே ரெண்டரை அடி ஆழத்துக்குத் தொங்கும், மேல ஹைட் போயிரும். அதுபோக 6 மீட்டருக்கு மேல பீம்னா கீழ நிறுத்தற முட்டுக்காலை 21 நாள் வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு காங்கிரீட்டுக்கான இந்திய விதி ஐஎஸ் 456 சொல்லுது, இதுல ஷீட்டே சென்ட்ரிங் மாதிரிங்கறதால காங்கிரீட் போட்ட கொஞ்ச நாள்லயே கீழ எலக்ட்ரிக்கல் வேலை ஆரம்பிச்சாச்சு. இரும்பு செலவு அதிகம்தான், மறுக்கல.

பீமும் ஸ்லாபும் சேர்ந்து வேலை செய்யறது பீம் மேல வெல்டு பண்ற ஸ்டட்ங்கற குட்டை இரும்பு முளையாலதான், அதைக் கோட்டை விட்டா வெறும் இரும்பு மேல வெறும் காங்கிரீட். எங்க இன்ஜினியர் சுத்தியல எடுத்து ஸ்டட்டை அடிச்சு வளைச்சுப் பார்த்தாரு, ஒண்ணு வளையாம பொசுக்குனு பிச்சுக்கிட்டு வந்துருச்சு, ராத்திரி மழை ஈரம் காயாத ஷீட் மேல வெல்டு வெச்சிருக்காங்க. அந்த வரிசை முழுக்க திரும்ப அடிக்க வெச்சாரு, ஃபேப்ரிகேட்டர் மூஞ்சி சுண்டிப் போச்சு.

இப்போ குறைங்க. எல்லா மெஷினும் ஒண்ணா ஓடறப்ப தரையில லேசா ஒரு அதிர்வு இருக்கும், பழைய கட்டடத்துல அது தெரியவே தெரியாது. ஆபத்து இல்லன்னாங்க, ஆனா புதுசா வர்ற ஆளுங்க ஒரு நிமிஷம் நின்னு பாக்கறாங்க. ஏஏசி பிளாக் (எடை கம்மியான காங்கிரீட் கல்) சுவரு இரும்புத் தூணைத் தொடற இடத்துல கோடு மாதிரி விரிசல் விடுது, கம்பி வலை வெச்சுப் பூசின இடத்துல மட்டும் வரல.

நெருப்பு விஷயத்துல சிக்கனம் வேண்டாம். இரும்பு 550 டிகிரி கிட்ட சூடானா பலம் பாதிக்குப் பக்கமா போயிரும், நம்ம இடத்துலயோ பஞ்சுத் தூசியும் துணியும்தான். வெறும் ரெட் ஆக்சைடு அடிச்சா அது துருவுக்குத்தான், தீக்கு இல்ல, சூட்டுல உப்பிக் காக்கற பெயிண்ட் தனியா அடிக்கணும்.

தண்ணிக் கசிவு இன்னொரு தலைவலி. ஆர்சிசில ஒழுகுனா சீலிங்ல ஓதம் தெரிஞ்சிரும், கிட்டத்தட்ட அங்கயே உடைச்சுப் பார்க்கலாம். இதுல தண்ணி ஷீட்டுக்குள்ளயே ஓடி எங்கயோ போயி ஜாயிண்ட்ல சொட்டுது, மூலம் எங்கன்னு புடிக்கறதுக்குள்ள ஷீட்டே துருப்புடிக்க ஆரம்பிச்சிரும். டாய்லெட்டையும் கை கழுவற இடத்தையும் நாங்க பழைய கட்டடத்துக்கே மாத்திட்டோம்.