நிறக் குறியீடா, ஷேட் கார்டா?

பத்துப் பேர் ஆளுக்கு ஆறு சதுரம் குரோஷாவில் பின்னி, ஒரே போர்வையாகச் சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை எப்படிச் சொல்லி அனுப்புவது? கணினித் திரைக்கான ஆறிலக்கக் குறியீட்டிலா, நூல் கம்பெனி தன் நிறங்களை எண் போட்டுக் காட்டும் மாதிரி அட்டையான ஷேட் கார்டின் எண்ணிலா?

குறியீட்டில் ஒரு அழகு இருக்கிறது. இரண்டிரண்டு இலக்கமாகச் சிவப்பு, பச்சை, நீலம். மொத்தம் 1,67,77,216 நிறங்கள். #800000 என்றால் அரக்கு, #008080 ஏறத்தாழ மயில்கழுத்து. #663399-க்கு ஒரு கதையே உண்டு. வலை வடிவமைப்பு வல்லுநர் எரிக் மேயரின் மகள் ரெபேக்கா 2014-இல் தன் ஆறாவது பிறந்தநாளன்று இறந்துபோனாள். அவள் நினைவாக அந்த ஊதாவுக்கு 'ரெபேக்காபர்ப்பிள்' என்று பெயர் வைத்தார்கள். போர்வையில் அந்த ஒரு சதுரம் இருந்தால் போதும், பேச்சு தானாக வரும்.

ஆனால் நூல்கடைக்குப் போனால் தலைவலிதான். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, நூல் சாயத்தால். என் போனில் மயில்கழுத்தாகத் தெரிந்தது தோழியின் போனில் பாசிப்பச்சை! பொருத்தமான நூலும் லேசில் கிடைக்காது. டிஎம்சி என்ற கம்பெனியின் எம்பிராய்டரி நூலிலேயே சுமார் 500 நிறம்தான்.

ஷேட் கார்டில் இந்த வம்பு இல்லை. எண்ணைச் சொன்னால் அதே கண்டு வரும். சாயம் போட்ட தொகுதி மாறினால் லேசாக வேறுபடும், அதனால் ஒருவரே மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பது நல்லது. சுவாரசியம்தான் குறைவு.

என்னைக் கேட்டால், நிறத்தைக் குறியீட்டில் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கார்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து நூல் வாங்குங்கள். குறியீட்டைச் சதுரத்தின் ஓரத்தில் தையலாகப் போட்டுவிடலாம்.