செத்த காலேஜுக்கு ஒரு நாள்: வண்டி, சில்லறை, அப்புறம்தான் வெண்கலம்

பழைய சென்னைக்காரர்கள் "செத்த காலேஜ்" என்று சொல்லும் எழும்பூர் மியூசியத்துக்கு ஒன்பதரை மணிக்குப் போய்விட வேண்டும் என்று திட்டம் போட்டு, பதினொன்றரைக்கு வாசலில் இறங்கும் வெளிநாட்டுத் தமிழர்கள் நிறையப் பேர். தூரம் காரணமில்லை, டிராஃபிக்கும் பாதிக் காரணம்தான். போன் செயலியில் பிடிக்கிற வண்டியும், அதற்குக் கொடுக்கிற காசும்தான் பொழுதைத் தின்கின்றன. இந்த ஜனவரியில் அடையாறிலிருந்து புறப்பட, வெயிலில் நாற்பது நிமிடம், ஐந்து வண்டி கேன்சல். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தவிர்த்துவிடலாம்.

வண்டி புக் ஆனதும் டிரைவர் போன் செய்வார். "டிராப் எங்க சார்? கேஷா, ஜிபேயா?" செயலியில் லண்டன் கார்டைக் கொடுத்து வைத்திருப்பதால் "கார்டு" என்று பதில் சொல்கிறோம். உடனே "நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார்" என்பார். நாம் ரத்து செய்தால் அபராதம் நம் கணக்கில் ஏறும், அவர் செய்தால் அவர் மதிப்பெண் குறையும். அதனால் சிலர் ரத்தும் செய்யாமல், வரவும் வராமல், அதே இடத்தில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. கார்டுப் பணம் கம்பெனிக்குப் போய், கமிஷன் கழிந்து, பிறகுதான் அவர் கைக்கு வரும். கேஸ் போடவும் டீசல் போடவும் அன்றைக்கே பணம் வேண்டுமே.

ஆகவே செயலியில் பணம் செலுத்தும் முறையைக் கிளம்பும் முன்பே ரொக்கம் என்று மாற்றிவிடுங்கள். ஏ.டி.எம். பெரும்பாலும் 500 ரூபாய்த் தாளைத்தான் தள்ளும், டிரைவரிடம் சில்லறை இருக்காது. முதல் நாளே தெருமுனை மளிகைக் கடையில் ஏதாவது வாங்கி, 100, 50, 20 ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு சேர்த்து வையுங்கள். வண்டியில் ஏறியதும் கேட்கிற நான்கு இலக்க ஓடிபி செயலித் திரையிலேயே இருக்கும், குறுஞ்செய்தியில் தேட வேண்டாம்.

போனிலிருந்தே வங்கிப் பணம் செலுத்தும் யுபிஐ வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து கிளம்பும் முன்பே தயார் செய்ய வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், அமீரகம் முதலான சில நாடுகளின் போன் எண்ணோடு இணைக்க 2023 முதல் வழி உண்டு. அந்த வெளிநாட்டு எண் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், செயலி நம் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் எண்ணைச் சரிபார்க்கும். சென்னையில் இறங்கிய பிறகு வைஃபையை மட்டும் நம்பி முயன்றால் அந்த எஸ்எம்எஸ் போகாது, பதிவு பாதியில் நிற்கும். லண்டனில் பஸ்ஸில் ஏறி கார்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்து பழகிய கைக்கு இதெல்லாம் பெரிய அலுப்பு. ஆனால் சென்னையில் இளநீர்க்காரர்கூட க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார். பின்தங்கி நிற்பது ஊர் இல்லை, நம் போன்.

இன்னொரு வழி மெட்ரோ. பச்சை வழித்தடத்தில் எழும்பூர் நிலையம். விமான நிலையப் பக்கமிருந்து நீல வழித்தடத்தில் வந்தால் ஆலந்தூரில் மாற வேண்டும். எழும்பூரிலிருந்து மியூசியம் நடை தூரம்தான், குழந்தைகளோ பெரியவர்களோ உடன் இருந்தால் ஆட்டோ. "பாந்தியன் ரோடு, மியூசியம் மெயின் கேட்" என்று சொல்லுங்கள். ஒரே வளாகத்துக்குள் கன்னிமரா நூலகமும் இருப்பதால் வரைபடத்தில் குத்தும் புள்ளி தள்ளிப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. ஐரோப்பாவில் திங்களன்று மூடிப் பழகியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஜனவரி 26 போன்ற தேசிய விடுமுறைகளிலும் திறக்காது. காணும் பொங்கல் கூட்டத்தில் போனால் பழைய நினைவு வரும், சிலை ஒன்றும் கண்ணில் படாது. கட்டணம் உள்ளூராருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. கேமராவுக்குத் தனிச் சீட்டு. ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை உள்ளவர்களிடம் அருங்காட்சியகங்களில் இந்தியருக்கான நுழைவுக் கட்டணமே வாங்க வேண்டும் என்று 2021 மார்ச் 4ஆம் தேதி மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அட்டையின் போட்டோ போதாது, அசலை எடுத்துப் போங்கள்.

இத்தனை முன்யோசனையும் எதற்கென்றால், மாலை ஐந்து மணிக்கு மூடுகிற இடம் அது. வழியில் தொலைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் வெண்கலக் கூடத்திலிருந்துதான் கழியும். எல்லாரும் வாசலுக்கு அருகில் இருப்பதில் தொடங்கி, திமிங்கல எலும்புக்கூடு, யானை எலும்புக்கூடு என்று குழந்தைகளோடு சுற்றி, கால் ஓய்ந்த பிறகு வெண்கலத்துக்கு வருகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். உள்ளே நுழைந்ததும் நேரே வெண்கலக் கூடம், குறைந்தது ஒன்றரை மணி நேரம்.

திருவாலங்காட்டு நடராசரைத் தேடித்தான் எல்லாரும் போவார்கள். திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் உமைக்கு ஒரே கை, மொத்தம் மூன்று. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும், அதுவரை கண்ணுக்கு ஒரு குறையும் தோன்றாது. இடுப்பின் ஒரு பக்கம் நேராக இறங்க, மறுபக்கம் வளைந்து ஒதுங்குகிறது. இரண்டு உடல் வாகும் ஒரே முதுகெலும்பில் நிற்கின்றன. பதினோராம் நூற்றாண்டு வேலை.

அடுத்து ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பக் கற்கள். லண்டன்வாசிகளுக்கு இது பாதி தெரிந்த கதை. அதே தூபியின் கற்கள்தான் பிரிட்டிஷ் மியூசியத்தில் 33ஏ அறையில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், குளிரூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே இலவசம், சுத்தம், அமைதி. ஆனால் நளகிரி யானை இங்கே எழும்பூரில்தான் இருக்கிறது. ஒரே வட்டக் கல்லில் இரண்டு நேரம். ஒரு பக்கம் மதம் பிடித்து ஆளைத் துவம்சம் செய்கிற யானை, மறுபக்கம் அதே யானை புத்தர் முன் மண்டியிடுகிறது. மேலே மாடத்தில் எட்டிப் பார்ப்பவர்களையும் விடாமல் பாருங்கள். எழும்பூர்க் கற்கள் பலவற்றை அந்தக் காலத்தில் சிமென்ட் வைத்துச் சுவரில் பதித்துவிட்டார்கள். ஈரமும் உப்பும் ஏறி மேற்பரப்பு உதிரக் காரணம் அதுதான். பார்க்கவே மனசு வலிக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு கென்னட் லேன் பக்கம். பழைய ருசி வேண்டுமென்றால் மாண்டியத் ரோட்டில் அல்சா மால் சாண்ட்விச் கடைகள். திரும்பி வந்து 1851இல் தொடங்கிய இந்த மியூசியத்தின் மற்ற கட்டடங்களை, சத்தியவேட்டு இளஞ்சிவப்பு மணற்கல்லால் எழுப்பிய கலைக்கூடத்தின் முகப்பை, மரத்தடிப் பீரங்கிகளை நிதானமாகச் சுற்றலாம். 16 ஏக்கர் வளாகம், நிழலுக்குக் குறைவில்லை. குழந்தைகளுக்கு எலும்புக்கூடுகளையும் சிறுவர் அருங்காட்சியகத்தையும் இந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலரைக்கு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள், கையில் ஐம்பது ரூபாய்த் தாள் இருப்பவருக்கு முதலில் கிடைக்கும்.