சிக்னலுக்கு மாறி நான்கு ஆண்டுகள்: பூட்டில்தான் விஷயமே இருக்கிறது

சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு மாறிய புதிதில் எனக்கு ஒரே தெம்பு: எல்லாம் மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) ஆகிவிட்டது, இனி போலீஸ் நினைத்தாலும் படிக்க முடியாது. அதில் பாதிதான் சரி.

சிக்னல் தன் பங்கைச் செய்கிறது. 2016-இல் அமெரிக்காவில் சம்மன் அனுப்பி விவரம் கேட்டபோது, அவர்களால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான். ஆனால் மறையாக்கச் செய்திகளுக்கென்றே தனிப் போன் விற்ற என்க்ரோசாட்டின் கதை வேறு. 2020-இல் பிரெஞ்சுக் காவல்துறை அந்தப் போன்களுக்குள்ளேயே உளவு மென்பொருளை இறக்கி, செய்திகளை அங்கிருந்தே அள்ளியது. அதே மாதிரியான இன்னொரு சேவை ஆனோம்; அது இன்னும் வேடிக்கை. குற்றக் கும்பல்கள் நம்பிப் பயன்படுத்திய அதை நடத்தியதே அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ என்பது 2021 ஜூனில்தான் வெளியே தெரிந்தது.

அதன் பிறகு செயலியை விட்டுவிட்டுப் போனைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான்கு இலக்கப் பின் போய் நீளமான கடவுச்சொல் வந்தது. முதல் மாதம் எரிச்சலோ எரிச்சல். கைரேகையையும் எடுத்துவிட்டேன்; விரலைப் பிடித்து வைத்துவிடலாம், மனதில் இருப்பதை அப்படி எடுக்க முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஆன் செய்த பிறகு ஒரு தடவை திறந்துவிட்டால், திரை பூட்டியிருந்தாலும் மறையாக்கச் சாவிகள் பலவும் நினைவகத்திலேயே இருக்கும். பூட்டிய போனிலிருந்து தகவலை எடுக்கப் போலீஸ் பயன்படுத்தும் செலிபிரைட் போன்ற கருவிகளுக்கு அந்த நிலைதான் வசதி. அணைத்த போனில் அவற்றுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அதனால்தான் 2024-இல் ஐபோனில், சில நாட்கள் திறக்காமல் கிடந்தால் தானே ரீஸ்டார்ட் ஆகும் வசதி வந்தது. நான் இரவில் அணைத்தே வைக்கிறேன். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்க வேண்டியதாயிற்று!

லாக் ஸ்கிரீனில் செய்தி தெரிவதையும் நிறுத்தினேன். வாட்ஸ்அப்பில் கிளவுட் பேக்கப்புக்கான மறையாக்கத்தை நாமே ஆன் செய்ய வேண்டும். அது 2021 முதல் இருக்கிறது, எனக்குத் தெரிந்தது தாமதமாகத்தான். அப்புறம், சிக்னலில் இணைத்த சாதனங்களின் பட்டியலைப் பார்த்தால், எப்போதோ பயன்படுத்திய பழைய லேப்டாப் இன்னும் அதில் இருந்தது. தப்பு என்னுடையதுதான்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் இன்றுவரை பிறந்த ஆண்டையே பின்னாக வைத்திருக்கிறார். நான் எழுதியதெல்லாம் அவர் போனிலும் இருக்கிறது. சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறார். சரி என்று, குழுவில் செய்திகள் தானாக அழியும் நேரத்தை ஒரு வாரத்திலிருந்து ஒரு நாளாகக் குறைத்துவிட்டேன். ஏன் என்று அவர் இன்னும் கேட்கவில்லை.