மேடை உடைகளில் த்ரீடி அவுட்லைனர்: 6 வருட அனுபவம்

பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா நாடகம் என்று மேடை உடை தைக்கத் தொடங்கி 6 வருடம் ஆகிறது. துணிமேல் புடைத்து நிற்கும் வேலைப்பாட்டுக்கு நான் அதிகம் நம்புவது த்ரீடி அவுட்லைனரைத்தான்; டியூபைப் பிதுக்கிக் கோடு வரையும் கெட்டியான துணி மை இது. மருதாணிக் கோன் பிடித்த கைக்கு இது சுலபமாக வந்துவிடும். காய்ந்தபின் ரப்பர் போல வளையும், பிள்ளைகள் குதித்தாலும் உதிராது. ஜர்தோசி ஜரிகை வைத்த ஆரி ஊசி வேலையின் அழகு வேறுதான். ஆனால் ஒரு மார்புப் பதக்கத்துக்கே ஒரு நாள் போய்விடுகிறது. 12 பிள்ளைகளுக்கு எப்படி முடிப்பது?

முதல் வருடம் துரியோதனன் அங்கியில், வெல்வெட் மேலேயே நேராக வரைந்தேன். மை வெல்வெட்டின் மயிரை மட்டும்தான் பிடித்திருக்கிறது. சபைக் காட்சியில் ஒரு மாங்காய் டிசைன் அப்படியே உரிந்து தொங்கியது. அந்தப் பையனின் முகம் வாடியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு உடைமேல் வரைவதே இல்லை. காடாத் துணியைத் துவைத்துக் கஞ்சி போக்கி, அதில் வரைந்து, ஓரம் விட்டு வெட்டி, உடையில் கைத்தையல் போடுகிறேன். நாடகம் முடிந்ததும் பிரித்துவிட்டு அங்கியை மட்டும் துவைக்கலாம். புதுத் துணியைத் துவைக்காமல் வரைந்தால் கஞ்சி மையைப் பிடிக்க விடாது.

ஒரே தடவையில் தடிமனாகப் பிதுக்குவதும் கூடாது. மேலே தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், கோடு நடுவில் குழிந்துவிடும். ஒரு கோடு போட்டு இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் அதன் மேலேயே இன்னொன்று போடுங்கள். தங்க நிறக் கோட்டின் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய அடர்பழுப்புக் கோடு இழுத்தால், கடைசி வரிசையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நிழல் விழுந்தது போலத் தெரியும். இந்த ஒரு வேலையால் உடையின் தோற்றமே மாறிவிடுகிறது.

க்ளூ கன்னில் வரைந்து தங்கப் பெயிண்ட் அடித்தும் பார்த்தேன். செலவு குறைவு, நன்றாகவே புடைக்கும். ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிப் பரவிவிடும். அட்டைக் கிரீடத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் மட்டும் வைத்துக்கொண்டேன். தஞ்சாவூர் ஓவியத்தில் புடைப்புக்குப் பூசும் சுண்ணாம்புப் பசை துணிக்கு ஆகவே ஆகாது, மடித்தால் வெடிக்கும்.

டியூபில் காற்று இருந்தால் கோட்டில் பொத்தென்று குமிழி வெடிக்கும். மூக்கைக் கீழே பிடித்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பழைய துணியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் மூக்கில் குண்டூசி செருகி வையுங்கள். வரைந்து வெட்டிய துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைக்காமல் அடுக்கினால் வெயில் காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

4 வருடத்துக்கு முன் வரைந்த தோள்பட்டை மாங்காய்கள் இரண்டு அர்ச்சுனன்களையும் ஒரு கர்ணனையும் பார்த்துவிட்டன. இந்த மாசியில் அவற்றைப் பாண்டிய ராஜாவுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.